பவர் சப்ளையின் பெயரைப் பற்றுச்சீட்டில் எழுதுங்கள்: மலையகக் கணினி விற்பனையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை, பதுளை நகரங்களில் கணினி உதிரிப்பாகக் கடை நடத்தும் மதிப்புக்குரிய வர்த்தகர்களுக்கு,

வணக்கம். கேசிங் எனும் கணினிப் பெட்டியோடு சேர்த்து நீங்கள் தரும், கணினியின் பாகங்களுக்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் பவர் சப்ளை எத்தகையது என்பது எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். கடந்த சித்திரையில், இடிமழை பெய்த ஒரு மாலையில் எங்கள் தோட்ட லயத்தில் நடந்ததைச் சொல்லி, ஒரேயொரு கோரிக்கையை உங்கள் முன் வைக்கவே எழுதுகிறேன்.

என் தங்கை கொழுந்து பறிப்பவள். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படிக்கும் தன் மகளுக்காக அவள் சீட்டுப் போட்டுச் சேர்த்த பணத்தில், பாகம் பாகமாக வாங்கி நானே அந்தக் கணினியைப் பூட்டிக் கொடுத்தேன். புரொசசருக்கும் ராமுக்கும் நாலு கடை ஏறி விசாரித்த நான், பவர் சப்ளைக்கு மட்டும், “கேசிங்கோடயே 500 வோட் வருது அண்ணே, தாராளமா போதும்” என்ற ஒரு வார்த்தையை நம்பிவிட்டேன். ஏழு மாதம் ஓடியது. அன்று மாலை கரண்ட் மங்கி மங்கி எரிந்து, நின்று, திரும்பி வந்த கணத்தில் பட்டென்று ஒரு சத்தம். பின்னர் கருகிய வாடை. மதர்போர்டும் ஹார்ட் டிஸ்கும் கூடவே போயின. பிள்ளை மூன்று மாதமாகச் செய்துவந்த செயற்றிட்டம் அந்த டிஸ்கில்தான் இருந்தது. அவள் அழவில்லை. கீபோர்டைத் துணியால் மூடி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் அதைக் கழற்றினேன். கையில் எடுத்தால் வெறும் தகரப்பெட்டியின் கனந்தான். உள்ளே மின்தேக்கிகள் தலை வீங்கி நின்றன. மின்னழுத்தப் பாய்ச்சலைத் தடுக்கும் பாகங்களுக்கென்று பலகையில் இடம் அச்சிட்டிருந்தும், அவ்விடங்களில் துளைகள் வெறுமையாக இருந்தன, சிலவற்றில் துண்டுக் கம்பி பற்றவைக்கப்பட்டிருந்தது. வெளியே பெரிய எழுத்தில் 500 வோட். அதற்குக் கீழே சிறிய எழுத்தில், 12 வோல்ட்டுக்கு 14 அம்பியர். பெருக்கிப் பார்த்தால் 168 வோட். இன்றைய கணினியில் புரொசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் அந்த 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கடைக்குக் கொண்டுபோனேன். “இடிக்கு வொரண்டி இல்லை” என்றார்கள். பற்றுச்சீட்டில் ‘கேசிங் 1’ என்று மட்டுமே எழுதியிருந்தது.

ஆகவே என் கோரிக்கை இதுதான்: பவர் சப்ளையைத் தனிப்பொருளாகக் கருதி, அதன் உற்பத்தியாளர் பெயர், மாதிரி இலக்கம், 12 வோல்ட்டில் அது தரும் அம்பியர் ஆகிய மூன்றையும் பற்றுச்சீட்டில் எழுதித் தாருங்கள். கேட்பவருக்குப் பற்றுச்சீட்டுத் தர வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமே சொல்கிறது. அந்தச் சீட்டில் இன்னும் ஒரு வரி எழுதுவது பெருஞ்சுமையாகாது.

நாங்கள் 750 வோட் கேட்கவில்லை. கிராஃபிக்ஸ் கார்ட் இல்லாத, 65 வோட் புரொசசர் பூட்டிய ஒரு மாணவியின் கணினிக்கு, சொன்னதை உண்மையில் தரும் 400 வோட் தாராளம். எங்களுக்கு வேண்டியவை வேறு. 230 வோல்ட் வரவேண்டிய கம்பியில் அழுத்தம் இறங்கினாலும் தாங்கும் வகையில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருக்க வேண்டும். அழுத்தத்துக்கேற்பத் தானாக மாறாமல், பின்புறத்தில் 115, 230 என்று கையால் மாற்றும் சிவப்பு ஆளி (சுவிட்ச்) இருப்பதை எங்கள் தலையில் கட்டக் கூடாது. மிகை அழுத்தமோ குறுஞ்சுற்றோ ஏற்பட்டால் மற்றப் பாகங்களைச் சுடாமல் தானே நின்றுவிட வேண்டும். 80 பிளஸ் முத்திரை மின்விரயம் குறைவு என்பதற்கான சான்று மட்டுமே. அதைக் காட்டிப் பாதுகாப்புக்கும் உறுதி சொல்லாதீர்கள்.

தோட்டத்துச் சனம் கேள்வி கேட்காது என்ற எண்ணம் எங்கள் நகரங்களின் பல கடைகளில் இன்றும் இருக்கிறது. உரமானாலும் மருந்தானாலும் கணினியானாலும், கொடுத்ததை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவோம் என்று நினைக்கிறார்கள். நல்லதொரு பவர் சப்ளைக்காகக் கொழும்புக்குப் போனால் ஒரு நாள் சம்பளமும் பயணச் செலவும் போய்விடும். அதனால்தான் உங்களிடம் வருகிறோம். எங்கள் பிள்ளைகளின் படிப்பு உங்கள் மேசையில் வைத்து விற்கப்படும் அந்தத் தகரப்பெட்டியை நம்பியிருக்கிறது என்பதைச் சற்று நினைத்துப் பாருங்கள்.

மனம் நொந்து சில வார்த்தைகள் கடுமையாக வந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த சம்பளத்துக்குப் பிறகு, அதே கேசிங்குக்கு வேறு பவர் சப்ளை வாங்க உங்களில் ஒருவரிடம்தான் வரப்போகிறேன். அன்று பெயரையும் மாதிரி இலக்கத்தையும் அம்பியரையும் பற்றுச்சீட்டில் எழுதித் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஹட்டன் பகுதித் தோட்டமொன்றைச் சேர்ந்த ஒரு பாவனையாளர்