பில் ஆஃப் என்ட்ரியில பிளாஸ்டிக்குக்கும் ஒரு கட்டம் குடுங்க: சுங்க வாரியத்துக்கும் மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் ஒரு திறந்த மடல்

மறைமுக வரிகள் மற்றும் சுங்க மத்திய வாரியத்துக்கும் மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் வணக்கம். நாகர்கோவில்ல இருந்து எழுதுதேன். ரெண்டு வாரியத்துக்கும் சேத்து ஒரே மடலா எழுதக் காரணம் இருக்கு, இறக்குமதி சாமானுக்கு சுங்கத்துல குடுக்குற பில் ஆஃப் என்ட்ரி படிவத்துல, அந்தச் சாமானோட சேந்து வர்ற பிளாஸ்டிக் பேக்கிங்குக்கு கணக்கே இல்ல, அந்த விஷயம் உங்க ரெண்டு பேருக்கும் நடுவுலதான் விழுந்து கிடக்கு.

நான் பாக்கது இறக்குமதி பேப்பர் வேல. தூத்துக்குடி வழியா சாமான் எடுக்குற சின்ன வியாபாரிகளுக்கு இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் சரிபாத்து சி.எச்.ஏ (சுங்க ஏஜென்ட்) ஆபீசுக்கு அனுப்பி விடுவேன். அதனால எச்.எஸ். கோடு, அதாவது ஒவ்வொரு சாமானுக்கும் சுங்கத்துல இருக்குற வகை எண், அத பத்தி கொஞ்சம் தெரியும். தெரிஞ்சதுனாலதான் இத சொல்லாம இருக்க முடியல.

காலி பிளாஸ்டிக் பாட்டில் ஒரு கன்டெய்னர் இறக்கினா அது 3923 30ல வரும். மூடி மட்டும் இறக்கினா 3923 50. பாலித்தீன் பை 3923 21. இது வரைக்கும் நல்லா இருக்கு, எத்தன கிலோ வந்துதுன்னு உங்க சிஸ்டத்துல ஒரு நிமிஷத்துல எடுத்துடலாம். ஆனா அதே பாட்டில்ல ஷாம்பு ஊத்தி வந்தா மொத்தமும் 3305. பாட்டில் எங்க போச்சு? பேப்பர்ல எங்கயும் இல்ல. பிஸ்கட் பாக்கெட் 1905ல போயிரும், விளையாட்டு சாமானோட பிளாஸ்டிக் அட்டையும் கவரும் 9503ல போயிரும். டாரிஃப்போட (சுங்க வரிப் பட்டியல்) பொது விளக்க விதி 5(பி) அப்படித்தான் சொல்லுது, சாமானோட சேந்து வர்ற வழக்கமான பேக்கிங் அந்த சாமானோட கோடுலயே போகணும்னு. வரி போடுறதுக்கு அது சரியான ரூல்தான், அதுல எனக்கு சண்டையே இல்ல. ஆனா அந்த விதியோட கடைசி வரிய ஒரு தடவ படிச்சுப் பாருங்க, திரும்பத் திரும்ப பயன்படுத்த ஏத்ததுன்னு தெளிவா தெரியுற பேக்கிங்குக்கு இது கட்டாயமில்லன்னு இருக்கு. அப்போ கேஸ் சிலிண்டர் மாதிரி திரும்பப் போற உருப்படியான சாமான தனியா பாக்க வழி இருக்கு, ஒரு தடவ கிழிச்சு தூக்கிப் போடுற கவர்தான் கணக்குல இருந்தே காணாம போகுது. நமக்கு கண்காணிக்க வேண்டியது எதுவோ அதத்தான் இந்த விதி மறைக்குது.

பிளாஸ்டிக்குக்குன்னு இருக்குற 39ம் அதிகாரத்த மட்டும் பாத்தாலும் முழுசா கிடைக்காது. ஜூஸ் வர்ற அட்டைப்பெட்டி உள்ள பாலித்தீன் படலம் இருக்கும், ஆனா அது பேப்பர் கணக்குல 48ம் அதிகாரத்துக்குப் போயிரும். பிளாஸ்டிக் ஒட்டின அலுமினியம் ஃபாயில் 7607. பின்னின பிளாஸ்டிக் சாக்கு இருக்குல்ல, அது துணி அதிகாரத்துல 6305 33னு இருக்கு, ஆனா அதப் பின்னின பிளாஸ்டிக் நாடா அஞ்சு மில்லிமீட்டருக்கு மேல அகலமா இருந்தா அது துணி இல்ல பிளாஸ்டிக்குன்னு ஆயிரும், இந்த சாக்கு எதுல வரும்னு கோர்ட்டு வரைக்கும் போய் கடைசியில 2018 டிசம்பர்ல ஜி.எஸ்.டிக்கு நீங்களே ஒரு சர்க்குலர் போட்டு 3923தான்னு சொல்ல வேண்டி வந்துது. (எங்க கடற்கரையில கிழிஞ்சு கிடக்குற நைலான் வலையும் 5608, அதுவும் துணி அதிகாரம்தான். அது பேக்கிங் இல்ல, இருந்தாலும் சொல்லி வைக்கேன்.)

இப்போ மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு. 2016 பிளாஸ்டிக் கழிவு விதியில 2022 பிப்ரவரியில சுற்றுச்சூழல் அமைச்சகம் ஈ.பி.ஆர் (பிளாஸ்டிக்க சந்தையில இறக்குறவங்களே அதத் திரும்ப எடுக்கணும்ங்கிற பொறுப்பு) வழிமுறை கொண்டு வந்துது, அத நடத்துறது நீங்க, இறக்குமதி பண்ணுறவங்களும் பதிவு பண்ணணும், கெட்டியான பிளாஸ்டிக், மெல்லிசான பிளாஸ்டிக், பல அடுக்கு, மக்குற பிளாஸ்டிக்னு நாலு வகையா பிரிச்சு கணக்கு காட்டணும், 2021-22ல 25 சதவீதம், அடுத்த வருசம் 70, 2023-24ல இருந்து 100 சதவீதம் திரும்ப எடுக்க பொறுப்பு ஏக்கணும்னு. நல்ல சட்டம், மனசார சொல்லுதேன். ஆனா எதுல 100 சதவீதம்? இறக்குமதியாளர் உங்க ஈ.பி.ஆர் இணையதள போர்ட்டல்ல தானா டைப் பண்ணுற டன்லதான. அந்த நம்பர வச்சு ஒத்துப் பாக்க சுங்கத்துறைகிட்ட நம்பர் கிடையாது, ஏன்னா அங்க ஷாம்புதான் வந்துருக்கு, பாட்டில் வரவே இல்லையே. பத்து டன் வந்தத ரெண்டு டன்னு எழுதினா புடிக்கிறது எப்படி? மறுசுழற்சி சர்டிபிகேட்டுலயே லட்சக்கணக்குல போலி இருந்தத உங்க ஆடிட்டே 2023ல கண்டுபுடிச்சுது. வாசல்லயே எடை இல்லன்னா பொறவு உள்ள எத்தன ஆடிட் பண்ணினாலும் எத வச்சு பண்ணுவீங்க?

மொத்த எடையில இருந்து நிகர எடைய கழிச்சா பேக்கிங் எடை வந்துரும்லன்னு ஒரு அதிகாரி என்கிட்ட கேட்டாரு. வராது சார். அந்த வித்தியாசத்துல மரப்பலகை இருக்கு, அட்டைப்பெட்டி இருக்கு, கயிறு இருக்கு. அதுபோக விளையாட்டு சாமான் மாதிரி சில சாமான் கிலோவுலயே வராது, எண்ணிக்கையிலதான் வரும்.

இதுக்கெல்லாம் கன்னியாகுமரிக்காரனுக்கு ஏன் இவ்வளவு பதட்டம்னு தோணலாம். பிளாஸ்டிக் வேண்டாம்னு முன்னாடியே எறங்கின மாவட்டம் இது, 2010 வாக்குலயே இங்க கடைகள்ல பாலித்தீன் பைய நிறுத்தி துணிப்பைக்கு மாறச் சொன்னாங்க, தமிழ்நாடு முழுக்க 14 வகை பிளாஸ்டிக்குக்கு தடை வந்தது 2019 ஜனவரி 1லதான். கோட்டார்ல மளிகைக் கடை வச்சிருக்குறவர் கவர் குடுத்தா அவருக்கு அபராதம். ஆனா அவர் கடையில தொங்குற வெளிநாட்டு சாமான் பாக்கெட்டோட பிளாஸ்டிக்குக்கு யார் பொறுப்புன்னு பாத்தா அது எங்கயோ ஒரு போர்ட்டல்ல ஒருத்தர் எழுதின கணக்கு. அந்தக் கவர் கடைசியில பழையாத்துலயும் அது கடல்ல சேருற மணக்குடி பொழியிலயும் வந்துதான் நிக்குது. பல அடுக்கு கவர ஆக்கர் கடையிலயும் (பழைய சாமான் கடை) எடுக்க மாட்டாங்க, பஞ்சாயத்து தூய்மைப் பணியாளர்தான் குனிஞ்சு பொறுக்கணும். அவங்க சம்பளம் நம்ம வரிப்பணம். பிளாஸ்டிக்க இறக்குனவர் குடுக்க வேண்டியத ஊர் குடுக்குது.

2025 மே 25ல கொச்சிக்கு வெளிய எம்.எஸ்.சி எல்சா 3 கப்பல் முங்கினப்போ எங்க கடற்கரை கிராமங்கள்ல வெள்ள வெள்ளையா பிளாஸ்டிக் குருணை வந்து ஒதுங்கிச்சு. கப்பல்ல 640 கன்டெய்னர், அதுல ஆபத்தான சரக்குன்னு சொன்னது 13. குருணை அந்த 13ல இல்ல. ஆனா ஒண்ணு யோசிங்க, குருணைக்காவது பாலிஎத்திலீன்னா 3901, பாலிபுரோப்பிலீன்னா 3902னு கோடு இருக்கு, பேப்பர்ல கிலோ இருக்கு, நஷ்ட ஈடு கேக்குறதுக்கு ஒரு பிடி இருக்கு. சாமானோட சேந்து தினமும் சட்டப்படி நாட்டுக்குள்ள வர்ற பிளாஸ்டிக்குக்கு அந்தப் பிடி கூட கிடையாது.

நான் கேக்குறது எச்.எஸ். கோடையே மாத்துங்கன்னு இல்ல. ஆறு இலக்கம் வரைக்கும் அது உலகத்துக்கே பொது, பிரஸ்ஸல்ஸ்ல உலக சுங்க அமைப்புல பேசித்தான் மாத்த முடியும், தெரியும். பில் ஆஃப் என்ட்ரியில ஒவ்வொரு ஐட்டத்துக்கும் கீழ, இதுல வர்ற பிளாஸ்டிக் பேக்கிங் எத்தன கிலோ, ஈ.பி.ஆர் வகைகள்ல எது, ஈ.பி.ஆர் பதிவு எண் என்னன்னு மூணு கட்டம் போதும். இது உங்களால முடியாத காரியமே இல்ல, 2023ல சுங்க வாரியமான நீங்களே கெமிக்கல் இறக்குமதிக்கு கோடு போக கூடுதல் விவரமும் டிக்ளரேஷன்லயே கேட்டீங்கல்ல, அதே வழிதான். இப்போ குடுக்குற ஐ.இ.சி (இறக்குமதி ஏற்றுமதி பண்ணுறவங்களோட அடையாள எண்) நம்பரே பான் நம்பர்தான், போர்ட்டல் கணக்கோட சேத்துப் பாக்க கம்ப்யூட்டருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? பிரிட்டன்ல 2022 ஏப்ரல்ல பிளாஸ்டிக் பேக்கிங் வரி கொண்டு வந்தப்போ, சாமான் நிரப்பி இறக்குமதியாகுற பேக்கிங்கையும் சேத்துதான் கணக்கு வைக்கச் சொன்னாங்க. 12 மாசத்துல பத்து டன்னுக்கு மேல போனா பதிவு பண்ணணும். அங்க எடை போட முடியுதுன்னா இங்கயும் முடியும்.

சின்ன வியாபாரிக்கு இது பாரம்னு கண்டிப்பா சொல்லுவாங்க, நானே அவங்களுக்குத்தான் வேல பாக்கேன், அதனால அந்தக் கவலை எனக்கும் உண்டு. அதுக்கு வழி இருக்கு. குறைஞ்ச எடைக்கு விலக்கு குடுங்க, முதல் வருசம் அபராதம் போடாதீங்க, ஒரு சாமானுக்கு ஒரு தடவ காலி கவர எடை போட்டு பதிஞ்சா அடுத்தடுத்த சரக்குக்கு அதையே எண்ணிக்கையால பெருக்கிக்க விடுங்க. சப்ளையர்கிட்ட பேக்கிங் ஸ்பெக் கேட்டா பெரும்பாலும் குடுத்துருவான், இதுவரைக்கும் யாரும் கேக்கலங்கிறதுதான் விஷயம்.

2028 ஜனவரி 1ல எச்.எஸ்.ஸோட புது பதிப்பு அமலுக்கு வருது, நம்ம டாரிஃபையும் ஐஸ்கேட்ங்கிற சுங்க ஆன்லைன் சிஸ்டத்தையும் எப்படியும் திருத்தியே ஆகணும். அந்த வேலையோட இந்த மூணு கட்டத்தையும் சேத்துருங்க, தனியா இன்னொரு தடவ சிஸ்டத்த நோண்ட வேண்டாம். அதுக்கு முன்னாடி தூத்துக்குடியில ஷாம்பு, பிஸ்கட், விளையாட்டு சாமான் இந்த மூணுக்கு மட்டும் ஆறு மாசம் சோதனையா நடத்திப் பாருங்க. வர்ற எடையையும் போர்ட்டல்ல அவங்க எழுதின எடையையும் பக்கத்துல பக்கத்துல வச்சு வெளியிடுங்க.

இப்படிக்கு,
நாகர்கோவில்ல இருந்து ஒரு இறக்குமதி டாக்குமென்ட் ஊழியர்