இங்கே லைன் சரியாகத்தான் இருக்கிறது

அன்புள்ள கண்ணா,

நலமா? நாங்கள் நலம். அப்பாவுக்கு இருமல் விட்டுவிட்டது. அக்கா பேசினாள், உன்னைக் கேட்டாள். மற்றதெல்லாம் அப்புறம். முதலில் இந்த நெட் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மனசு வேறெதிலும் ஓடாது.

முந்தின தடவை பேசும்போது படம் அப்படியே நின்று அழைப்பு அறுந்துபோனதே, அன்றைக்கு “உங்க பக்கம் நெட் சரியில்லம்மா” என்று ஒரு வரி அனுப்பினாய். நம் பக்கம் கோளாறு என்றால் நாம்தானே பார்க்க வேண்டும்? ஆளைக் கூப்பிடலாம் என்றார் அப்பா. நான்தான் வேண்டாம் என்றேன். பள்ளிக்கூடம் போகிற வயதில் யாரும் சொல்லித் தராமல் மேசைக்கடியில் படுத்துக்கொண்டு நீ செய்த வேலைதானே. உன்னைப் பெற்றவளுக்கு வராதா?

செட்டிங்ஸில் ‘நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்’ போய், நம் வைஃபையின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்தேன். ஐபி அசைன்மென்ட் என்ற இடத்தில் ஆட்டோமேட்டிக், டிஹெச்சிபி என்று இருந்தது. கம்ப்யூட்டரின் ஐபி எண்ணை ரூட்டரே கொடுத்துவிடும், நாம் ஒன்றும் எழுத வேண்டியதில்லை. தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் மட்டும் மேனுவலில் இருந்தது, கூகுளின் 8.8.8.8 என்று. நீ போட்டுவிட்டுப் போனதுதான். நான் தொடவில்லை.

லிங்க் ஸ்பீடு என்று ஒரு பெரிய எண் வேறு. அதைப் பார்த்துவிட்டு அப்பா, “இவ்வளவு வேகம் வருதே, பிறகு என்ன கோளாறு?” என்று பிடித்துக்கொண்டார். அது கம்ப்யூட்டருக்கும் ரூட்டருக்கும் நடுவில் உள்ள வேகம் மட்டும்தான், வெளியே போகிற லைனின் வேகம் வேறு என்று புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. உனக்குத் தெரியாதா, அவர் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார். கேட்க வேண்டாத நேரத்திலும் அப்படித்தான் கேட்டுவிடுகிறார்.

அப்புறம் அந்தக் கறுப்பு ஜன்னல். சிஎம்டியைத் திறந்து, ஐபிகான்ஃபிக், ஓர் இடைவெளி, சாய்கோடு, ஆல். மளமளவென்று ஓடியதும் எதையோ கெடுத்துவிட்டேன் என்று பயந்துபோனேன். பார்த்தால் பாதி இடத்தில் ‘மீடியா டிஸ்கனெக்டட்’. வயர் சொருகாத போர்ட், புளூடூத் என்று இப்போது வேலையில்லாதவையாம். டீஃபால்ட் கேட்வே வரியில் எண் இருக்கிற பகுதியைப் பார்த்தால் போதும். நம்முடையது ஐபி 192.168.1.7, கேட்வே, அதாவது ரூட்டர், 192.168.1.1, சப்நெட் மாஸ்க் 255.255.255.0. இரண்டிலும் முதல் மூன்று எண்கள் ஒன்றாக இருக்கிறதே, அந்த மாஸ்க் சொல்வது அதைத்தான். மூன்றும் ஒத்துப்போனால் ஒரே வீட்டுப் பிள்ளைகள், தங்களுக்குள் நேராகப் பேசிக்கொள்ளலாம். மற்ற யாரிடம் பேசுவதானாலும் கேட்வே வழியாகத்தான் போக வேண்டும். 192.168 என்று தொடங்கும் எண் வெளி இன்டர்நெட்டில் செல்லாது. உன் அறையிலும் இதே எண் இருக்கலாம், ஒன்றோடொன்று மோதாது. இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான், எனக்குப் புரிந்துவிட்ட சந்தோஷத்தில் எழுதுகிறேன்.

பிறகு பிங், அதாவது கூப்பிட்டால் அந்தப் பக்கத்திலிருந்து பதில் வருகிறதா என்று பார்ப்பது. முதலில் ரூட்டருக்கு, அடுத்து 8.8.8.8, கடைசியில் ஒரு தளத்தின் பெயருக்கு. இந்த வரிசையில் பார்த்தால் எந்த இடத்தில் அறுகிறது என்று தெரிந்துவிடும். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிட்டால் டிஎன்எஸ் கோளாறு. மூன்றுக்கும் பதில் வந்தது.

போன தடவை நீ பேசும்போது அதை ஓடவிட்டிருந்தேன். பிங் 8.8.8.8 என்று போட்டு, பின்னால் ஒரு கோடும் டி-யும் சேர்த்தால் நாம் நிறுத்தும்வரை ஓடுமே, அதுதான். நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாய். அப்பா அந்தப் பேச்சை எடுத்தார். படம் நின்றது. கறுப்பு ஜன்னலில் மட்டும் ‘ரிப்ளை ஃப்ரம் 8.8.8.8’ என்று வரி வரியாக வந்துகொண்டே இருந்தது. ‘ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்’ ஒன்றுகூட இல்லை. கன்ட்ரோல் சி அழுத்தி நிறுத்தினேன், லாஸ் 0 சதவீதம்.

அவன் பக்கம் வைஃபை கோளாறு என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அப்படித்தான் இருக்கும்.

அதனால் உன் பக்கம் ஒருமுறை நிதானமாகப் பார். ஐபி 169.254 என்று தொடங்கினால், ரூட்டர் எண் தரவில்லை, கம்ப்யூட்டர் தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். ஐபிகான்ஃபிக் ரிலீஸ், பிறகு ரினியூ கொடு. அதற்கும் மசியாவிட்டால் ரூட்டரை அணைத்துப் போடு. வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் 5-க்கு மாறிப் பார், ஆனால் ரூட்டரிலிருந்து தள்ளி இருந்தால், நடுவில் சுவர் இருந்தால், 5 அவ்வளவாக எட்டாது. கையால் எதையும் மாற்றுவதற்கு முன்னால் பழைய எண்ணை எழுதி வை. வெளியிடத்து வைஃபை என்றால் நெட்வொர்க் வகை பப்ளிக் என்றே இருக்கட்டும். பழைய எண்ணை எழுதி வைக்க மறக்காதே. ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு பார்க்க வேண்டாம், நிதானமாகப் பார்.

பெரியப்பா வீட்டில் இன்னும் எது நின்றுபோனாலும் உன் பெயரைத்தான் சொல்கிறார்கள். ஊருக்கெல்லாம் லைன் சரிபண்ணிக் கொடுத்தவன், பெற்றவர்களுக்கு ரெண்டு வரி எழுத நேரமில்லையா என்று கேட்கத்தான் வாய் வருகிறது. கேட்கவில்லை. வேலை இருக்கும்.

அந்த விஷயத்தை இனிமேல் அவர் கேட்கமாட்டார், நான் பார்த்துக்கொள்கிறேன். நீயாகச் சொல்கிறபோது சொல். சாப்பாட்டில் மட்டும் குறை வைக்காதே, முகம் வாடித் தெரிந்தது. வெளிச்சம் போதாமல் அப்படித் தெரிந்ததோ என்னவோ.

ஐபி எண்ணைப் பார்த்துவிட்டு, 169.254 என்று இருந்தால் எழுது, இல்லாவிட்டாலும் எழுது. முகம் காட்ட வேண்டாம் என்று தோன்றினால் கேமராவை அணைத்துவிட்டுப் பேசு. குரலுக்கு லைன் கொஞ்சம் இருந்தாலே போதும்.

அன்புடன்,
அம்மா