‘நார்மல்’ என்று கையெழுத்துப் போட்டது நான்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

நகரவாசிகளிடம் சர்க்கரை நோய் பெருகுவதைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். முதலிலிருந்து முடிவுவரை சர்க்கரை அளவைப் பற்றியே பேசியிருந்தார்கள். 28 வருஷம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். சர்க்கரை ஏறுவது கடைசிக் கட்டத்தில். அதற்கு முந்தைய கதையைக் கட்டுரை தொடவே இல்லை என்பதால் எழுதுகிறேன்.

என் தம்பிக்கு அப்போது 41 வயது. நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கிற வேலை. ஆபீஸில் கேட்டார்கள் என்று ரத்தம் கொடுக்க வந்தான். ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ் நின்றதும் ட்யூபை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது எங்களுக்குப் பழக்கம். அடியில் சிவப்பணுக்கள் படிந்திருக்கும். மேலே சீரம் என்கிற நீர்ப்பகுதி வெளிர் மஞ்சளாக, பின்னால் இருக்கிற எழுத்தை வாசிக்கும்படி தெளிந்து நிற்க வேண்டும். அவனுடையது பால் கலந்த தண்ணீர் மாதிரி கலங்கிக் கிடந்தது. “சாப்பிட்டுட்டு வந்தியா?” என்றேன். “நேத்து ராத்திரியிலேர்ந்து வெறும் தண்ணிதான்க்கா” என்றான்.

டிரைகிளிசரைடு என்கிற ரத்தக் கொழுப்பு 340, அதிகம். நல்ல கொழுப்பு 34, குறைவு. வெறும் வயிற்றுச் சர்க்கரை 96. எனக்கு மனசு கேட்கவில்லை. அவனிடம் சொல்லிவிட்டு அதே சீரத்தில் இன்சுலின் அளவையும் பார்த்தேன். 19 வந்தது. சர்க்கரையையும் இன்சுலினையும் பெருக்கி 405-ஆல் வகுத்தால் கிடைப்பதற்கு ஹோமா என்று பெயர்; உடல் இன்சுலினுக்கு எவ்வளவு பணியவில்லை என்று சொல்லும் எண். 1985-இல் ஆக்ஸ்ஃபோர்டில் உருவான கணக்கு. ஆரோக்கியமான இளைஞருக்கு 1 வரும்படி அமைத்தது. தம்பிக்கு 4.5. சர்க்கரையை 96-இல் பிடித்து வைக்கவே அவனுடைய கணையம் அவ்வளவு பாடுபட்டுக்கொண்டிருந்தது.

ஆனால் பரிசோதனைக்கு வாங்கும் ரசாயனப் பெட்டியான கிட்டோடு வந்த தாளில் இன்சுலின் 25 வரை நார்மல் என்று போட்டிருந்தது. ரிப்போர்ட்டும் அப்படியே அச்சாகி வந்தது. “நார்மல்னு நீயே கையெழுத்துப் போட்டிருக்கே, அப்புறம் எதுக்கு பயமுறுத்தறே?” என்று கேட்டான். என்ன பதில் சொல்ல?

இந்த ‘நார்மல்’ எங்கிருந்து வருகிறது என்பது வெளியே பலருக்குத் தெரியாது. நோய் இல்லை என்று கருதப்படும் சில நூறு பேரிடம் ரத்தம் எடுத்து, இரு ஓரத்திலும் நூற்றுக்கு இரண்டரைப் பேரைக் கழித்துவிட்டு, நடுவில் இருப்பவர்களின் எல்லையைப் பெரும்பாலும் அப்படியே அச்சடிக்கிறார்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை 126 ஆனால் சர்க்கரை நோய் என்ற கோடு அப்படி வந்ததல்ல. கண்ணின் விழித்திரை எந்த அளவில் பழுதாகிறது என்று பார்த்து வைத்தது. இன்சுலினுக்கு உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட கோடே கிடையாது. ஊரே உட்கார்ந்து வேலை பார்த்து வயிறு பெருத்துப்போனால், அந்த ஊரிலிருந்து எடுக்கும் நார்மலும் கூடவே பெருக்கும்.

லண்டனில் அரசு ஊழியர்கள் 6,538 பேரை ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து கவனித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. சர்க்கரை நோய் வந்தவர்களிடம், நோய் தெரிவதற்கு 5 வருஷம் முன்பிருந்தே உடல் இன்சுலினுக்குப் பணிவது வேகமாகக் குறைந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரை கிடுகிடுவென ஏறியது கடைசி 3 வருஷத்தில். இடையில் கணையம் கூடுதலாகச் சுரந்து சமாளித்துப் பார்த்து, பிறகு ஓய்ந்துவிட்டது. தம்பிக்கும் மூன்றாவது வருஷம் 121 வந்தது.

அழற்சியை, அதாவது உடலின் தற்காப்பு அணுக்கள் கிளர்ந்தெழுவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு சும்மா கிடக்கிற சரக்கு அல்ல. பிதுங்கிய கொழுப்பு செல்களைத் தேடி வெள்ளணுக்கள் வந்து குடியேறி, இன்சுலின் சொல்வது செல்லுக்குக் கேட்காதபடி செய்யும் பொருள்களைச் சுரக்கின்றன. அப்படி ஒரு பொருள் பருத்த எலிகளின் கொழுப்பில் அதிகம் சுரப்பதையும், அதைத் தடுத்தால் இன்சுலின் நன்றாக எடுபடுவதையும் 1993-இல் ஹோட்டமிஸ்லிகில், ஸ்பீகல்மேன் என்ற ஆய்வாளர்களின் குழு காட்டியது. அதே பொருளைப் பருமனான சர்க்கரை நோயாளிகளிடம் தடுத்துப் பார்த்தபோது எலியில் கண்ட பலன் கிட்டவில்லை. ஆகவே ‘அழற்சி நீக்கும்’ பொடி என்று விற்பவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் புரதத்தை அளக்கிற சிஆர்பி டெஸ்டைப் பார்த்து அலறுவதும் வேண்டாம். நானே அலறியிருக்கிறேன். ஒருமுறை அதையே நுட்பமாக அளக்கும் நுண்சிஆர்பி டெஸ்ட் எடுத்துப் பார்த்ததில் எனக்கு 8.2. 3-க்கு மேல் போனாலே இதய ஆபத்து அதிகம் என்பார்கள். இரண்டு ராத்திரி தூக்கமில்லை. கடைசியில் பார்த்தால் கடைவாய்ப் பல் ஈறில் சீழ். பல்லைக் கவனித்த பிறகு, ஒரு மாதம் கழித்து 1.4. சளி, புண், ஈறு எதுவானாலும் இது ஏறும். இரண்டு வார இடைவெளியில் இரண்டு தடவை எடுத்துச் சராசரி பார்க்கச் சொல்வது அதனால்தான்.

நகரத்தில் ‘கூடுகிறது, குறைகிறது’ என்று எழுதும்போதும் இதெல்லாம் குறுக்கே வரும். பத்து வருஷத்துக்கு முன் ஒரு கம்பெனி கிட், இப்போது வேறு கம்பெனி கிட் என்றால் இரண்டு இன்சுலின் எண்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்து சீரம் சிவந்துவிட்டால் இன்சுலின் சிதைந்து குறைவாகக் காட்டும். அந்த ட்யூபைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி குத்தத்தான் வேண்டும். கூட்டம் அலைமோதும் முகாமில் எத்தனை பேர் அப்படிச் செய்வார்கள்?

தம்பி இப்போது தினமும் நடக்கிறான், சாப்பிட்ட கையோடு. தசை இயங்கும்போது இன்சுலின் இல்லாமலே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று நான் விளக்கியதைவிட, அந்த 121-தான் அவனை எழுப்பியது.

அடுத்த முறை இப்படி ஒரு ஆய்வைப் பற்றி எழுதினால், ரத்தம் வெறும் வயிற்றில் எடுத்ததா, எல்லா வருஷமும் ஒரே கிட்டா, வயிற்றுச் சுற்றளவை அளந்தார்களா என்று கட்டுரையாளரைக் கேட்டுப் போடுங்கள். கடைசிக் கேள்விக்கு டேப் ஒன்று போதும்: சுற்றளவு உயரத்தில் பாதியைத் தாண்டுகிறதா என்று பார்த்தால் சரி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன்