கலாவுக்கு, சாக்லேட் பாதாம் பற்றி

கோயம்புத்தூர்

அன்புள்ள கலா,

உன் கடிதமும் கல்யாணப் பத்திரிகையும் ஒன்றாகவே வந்து சேர்ந்தன. பத்திரிகையை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மண்டபம் பெயரைக் கேட்டதும், "மாடி ஏறணுமா?" என்றுதான் முதலில் கேட்டார். முட்டிவலி இப்போது பரவாயில்லை, கட்டாயம் அழைத்து வருகிறேன். நம் விடுதி அறையில் ஜாதகக் கட்டம் போட்டு விளையாடிய நாம், இப்போது பிள்ளைக்குப் பெண் எடுக்கிற வயதுக்கு வந்துவிட்டோம்! சின்ன மகளுக்கு ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது. அவளும் அன்று விடுப்பு எடுத்து வருகிறாள்.

தாம்பூலப் பையில் கடைப் பெட்டிக்குப் பதிலாக நீயே செய்த சாக்லேட் பாதாம் வைப்பது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. ருசி நன்றாக வருகிறது, ஆனால் மங்கலாக, மேடுபள்ளமாக இருக்கிறது, எதைத் தடவினால் பளபளக்கும் என்று கேட்டிருக்கிறாய். கடைசியில் தடவுவதில் பாதி வேலைகூட இல்லை, கலா. அடியில் வழவழப்பாக இருந்தால்தான் மேலே ஒளி நிற்கும். மேடுபள்ளத்தின் மேல் மெருகு போட்டால் அந்த மேடுபள்ளம்தான் இன்னும் எடுப்பாகத் தெரியும். அதனால் வறுப்பதிலிருந்தே சொல்கிறேன், பொறுமையாகப் படி.

பாதாமை 150 டிகிரி ஓவனில் கால் மணி நேரம் வறு. ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் நடுவில் இளம்பழுப்பு தெரிய வேண்டும். முழுக்க ஆறவிட்டு, உதிர்ந்த தோலையும் தூளையும் சலித்துவிடு. அந்தத் தூள்தான் பின்னால் பரு பருவாக எழும்பும். அப்புறம் கம் அரபிக் (ஒரு வகை வேல மரத்துப் பிசின்) கரைசல் கொஞ்சம் விட்டுப் புரட்டி, கோகோ பவுடர் தூவிக் காயவிடு. பாதாமின் எண்ணெய் மெல்ல வெளியே வந்து சாக்லேட்டை வெளுக்க வைக்கும். இந்தப் பூச்சு அதைத் தடுக்கிறது, சாக்லேட் பிடித்துக்கொள்ளவும் உதவுகிறது. ஒன்று சொல்லிவிடுகிறேன்: ஜிகர்தண்டாவுக்குப் போடுகிற பாதாம் பிசினை வாங்கி வந்துவிடாதே. அது தண்ணீரில் ஊறிப் பொதபொதவென்று ஆகும், கரையாது. கேக் சாமான் விற்கிற கடையில் உணவுத் தரம் என்று அச்சிட்ட கம் அரபிக் பொடி கிடைக்கும். ஒரு பங்கு பொடிக்கு இரண்டு பங்கு தண்ணீர், கொஞ்சம் சர்க்கரை. முந்தின இரவே ஊறவைத்தால் கட்டி இல்லாமல் கரையும்.

இனி சாக்லேட். நீ கிண்ணத்தில் போட்டுக் கரண்டியால் கிளறுகிறாய். இத்தனை பேருக்கு அது போதாது. கேக் மாவு கலக்குகிற ஸ்டாண்ட் மிக்ஸரில் மாட்டுகிற சின்ன உருளும் சட்டி என்னிடம் இருக்கிறது, அதைத் தருகிறேன். சீரக மிட்டாய் செய்கிற முறைதான் இதுவும்: சாய்ந்த சட்டி சுற்றிக்கொண்டே இருக்கும், உள்ளே பருப்பு ஒன்றன்மேல் ஒன்று புரளும், நாம் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே போக வேண்டும். அங்கே பாகு, இங்கே சாக்லேட். உருக்கிய சாக்லேட் 40 டிகிரியை ஒட்டி இருக்கட்டும். சட்டியில் செய்தால் டெம்பரிங், அதாவது சாக்லேட்டைச் சூடாக்கி, ஆற்றி, மறுபடி லேசாகச் சூடாக்கிப் பதப்படுத்துவது, தேவையில்லை. புரண்டு உரசிக் குளிர்கிறபோதே கோகோ வெண்ணெய் சரியான படிகமாக உறையத் தொடங்கிவிடும். கிண்ணத்தில் செய்கிறவர்கள் டார்க் சாக்லேட்டை 45 டிகிரிக்குச் சூடாக்கி, 27-28க்கு இறக்கி, மறுபடி 31-32க்கு ஏற்றித்தான் ஆக வேண்டும்.

ஊற்றும்போது அவசரப்படாதே. ஒரு கரண்டி ஊற்று, எல்லாப் பருப்பிலும் பரவட்டும், குளிர்ந்த காற்று படட்டும், இறுகட்டும், அப்புறம் அடுத்த கரண்டி. மொத்தமாகக் கொட்டினால் இரண்டு மூன்று பாதாம் ஒட்டிக்கொண்டு பிரியாது. ஏசியை 18இல் வைத்து, காற்று நேராகச் சட்டிக்குள் விழும்படி மேசையை நகர்த்திக்கொள். ஜன்னலைத் திறக்கவே திறக்காதே. உங்கள் ஊர் ஆவணிக் காற்றில் இருக்கிற ஈரம் சாக்லேட்டுக்கு ஆகவே ஆகாது. அறையின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். அதைக் காட்டுகிற சின்ன மீட்டர் ஒன்று வாங்கி வை.

பருப்பின் எடையைப்போல இரண்டு மடங்கு சாக்லேட் ஏறியதும் குளிர்காற்றை நிறுத்திவிட்டு, சட்டியை மட்டும் சுற்றவிடு. உரசுகிற சூட்டிலேயே மேடுகள் கரைந்து பள்ளங்கள் நிரம்பும். தேவைப்பட்டால் ஹேர் டிரையரை எட்ட வைத்து ஒரு நிமிடம் காட்டலாம். இந்த இடத்தில்தான் எனக்கு எப்போதும் நின்று பார்க்கத் தோன்றும். சொரசொரப்பாக இருந்த உருண்டைகள் கூழாங்கல்லைப்போல மழமழவென்று ஆகிவரும். இன்னும் ஒளி இருக்காது, அதைப் பார்த்துக் கவலைப்படாதே. தட்டில் பரப்பி, ஏசி அறையில் ஒரு ராத்திரி விட்டுவிடு. உள்ளே கொழுப்பு முழுக்க இறுகுவதற்குள் மெருகு போட்டால் மறுநாளே மங்கிவிடும்.

மறுநாள் மெருகு. பருப்பைத் திரும்பச் சட்டியில் போட்டு, கிலோவுக்கு 8 முதல் 10 மில்லி கம் அரபிக் கரைசல் விடு. முதலில் ஈரத்தில் சளசளவென்று கேட்கும். எல்லாவற்றிலும் பரவியதும் காற்றைத் திற. காயக் காயச் சத்தம் கலகலவென்று மாறும், அப்போதே ஒளி ஏறுவது கண்ணுக்குத் தெரியும். இப்படி இரண்டு மூன்று முறை. நன்றாகக் காய்ந்த பிறகும் சுற்றவிட்டால் உரசியே ஒளி தேய்ந்துவிடும், உடனே நிறுத்திவிடு. தேங்காய் எண்ணெயோ நெய்யோ தடவச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், கேட்காதே. கொஞ்ச நேரம் மின்னும், அப்புறம் சாக்லேட்டே இளகிப்போகும்.

வீட்டில் தின்பதற்கு இதோடு போதும். ஆனால் கல்யாண மண்டபத்தில் வியர்த்த கைகள் எடுக்கும். கம் அரபிக் தண்ணீரில் கரைகிற பொருள் என்பதால் பிசுபிசுக்கும். அதற்கு மேல் ஒரு காப்பு வேண்டும், அதுதான் ஷெல்லாக். ஜார்க்கண்ட் பக்கம் புரசு, இலந்தை மரங்களில் அரக்குப் பூச்சி சுரக்கிற அரக்கைச் சுத்தம் செய்து எடுப்பது. கடை மிட்டாய் உறையில் 904 என்று போட்டிருந்தால் அது இதுதான், 414 என்றால் கம் அரபிக். மிட்டாய்க்கென்று உணவுத் தர ஆல்கஹாலில் கரைத்து விற்கிறார்கள், அதை மட்டும் வாங்கு. தச்சர்கள் மரத்துக்கு அடிக்கிற பாலிஷும் ஷெல்லாக்தான், ஆனால் அதைக் கரைக்கிற ஸ்பிரிட்டில் மெத்தனால் இருக்கும். அது விஷம். யார் என்ன சொன்னாலும் அது சமையலறைக்குள் வரக்கூடாது. நல்லதை விடும்போதும் பக்கத்தில் அடுப்பு, விளக்கு எதுவும் எரியக்கூடாது, ஆவி தீப்பிடிக்கும். கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் போதும். பரவி ஒட்டத் தொடங்கியதும் சட்டியை நிறுத்திவிட்டு, அவ்வப்போது ஒரு சுற்று மட்டும் சுற்றிவிடு.

பூச்சியிலிருந்து வருவது என்பதால் சுத்த சைவக்காரர்கள் சிலர் இதைத் தொடமாட்டார்கள். சம்பந்தி வீட்டில் பெரியவர் அப்படி என்று எழுதியிருந்தாய். அவர்களுக்குச் சொல்லாமல் கொடுப்பது சரியில்லை. அவர்கள் பங்குக்கு மெருகே வேண்டாம், கோகோ பவுடரில் புரட்டிக் கொடுத்துவிடலாம். அதுவும் அழகுதான், ருசியில் ஒரு படி மேல் என்றே சொல்வேன்.

கணக்கும் போட்டுவிட்டேன். 300 பை, பைக்கு 10 பாதாம். ஒரு பாதாம் சுமார் 1.2 கிராம் என்றால் 3.6 கிலோ பாதாம், 7.2 கிலோ சாக்லேட். சட்டியில் ஒரு தடவைக்கு ஒரு கிலோதான் போகும், எனவே நாள் வேண்டும். செய்ததை ஃபிரிட்ஜில் வைக்காதே. வெளியே எடுத்ததும் வியர்த்து, சர்க்கரை மேலே வந்து வெள்ளை பூத்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் ஏசி அறையிலேயே இருக்கட்டும். கோகோ வெண்ணெய் 34 டிகிரியை ஒட்டி உருகிவிடும். அதனால் பைகளை மண்டபத்தில் பந்தல் பக்கம் வைக்காமல், ஏசி அறையில் வைத்து, ஆட்கள் கிளம்பும் நேரத்தில் எடுத்துக் கொடுக்கச் சொல்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னதாக நான் வந்துவிடுகிறேன். சட்டி, கம் அரபிக், ஷெல்லாக் மூன்றும் என் பொறுப்பு. பொள்ளாச்சித் தோப்புக் கோகோவில் செய்கிற சாக்லேட் இங்கே கிடைக்கிறது, கோகோ வெண்ணெய் மட்டுமே சேர்த்தது. வனஸ்பதி கலந்த காம்பவுண்ட் சாக்லேட்டுக்கு இந்த உழைப்பைச் செலவிட எனக்கு மனசில்லை. நீ பாதாமை மட்டும் பச்சையாக வாங்கி வை. வறுப்பது நான் வந்த பிறகு.

அன்புடன்,
மல்லிகா