போட்டித் தேர்வுப் பக்கத்துக்குப் பின்னணி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழில் வாரந்தோறும் வருகிற போட்டித் தேர்வுப் பக்கத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், ஆனால் கேட்பது ஒன்றே ஒன்றுதான். ஒரு வரிக் கேள்வி பதில்களைக் குறைத்துவிட்டு, வாரத்துக்கு இரண்டு மூன்று செய்திகளுக்காவது முழுப் பின்னணியை எழுதுங்கள்.

எங்கள் ஊர் நூலகத்தில் டிஎன்பிஎஸ்சி, யுபிஎஸ்சி தேர்வுகளுக்குப் படிக்கிற பிள்ளைகளோடு மாலை நேரங்களில் உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கிறவன் நான். பாடம் நடத்துகிறேன் என்று சொல்ல மாட்டேன், கூடச் சேர்ந்து படிக்கிறேன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான். நூலகத்துக்கு வரும் உங்கள் நாளிதழில் அந்தப் பிள்ளைகள் முதலில் எடுப்பது தேர்வுப் பக்கத்தைத்தான். இரண்டு பேர் படித்து முடிப்பதற்குள் மூன்றாவது ஆள் போனில் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவார். அவ்வளவு நம்பிக்கையோடு படிக்கிறார்கள். அந்த நம்பிக்கைக்கு ஏற்ற சரக்கு அந்தப் பக்கத்தில் இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

என்ன இருக்கிறது அதில்? யார் எந்தப் பதவிக்கு வந்தார், எந்த விருது யாருக்கு, எந்தத் தேதி என்ன தினம், எந்தக் குறியீட்டில் இந்தியாவுக்கு எத்தனையாவது இடம், ராணுவக் கூட்டுப் பயிற்சிக்கு என்ன பெயர். கேள்வி ஒரு வரி, பதில் ஒரு சொல். டெலிகிராமில் சுற்றுகிற மாதத் தொகுப்பு பிடிஎஃப்களிலும் இதேதான் இருக்கிறது, கோச்சிங் சென்டர் நோட்ஸிலும் இதேதான்.

பகலில் துணிக்கடை வேலை, மாலையில் படிப்பு என்று இருக்கிற ஒரு பெண்ணின் நோட்டைப் பார்த்தேன். அழகான கையெழுத்து, பக்கத்துக்குப் பக்கம் தேதி, முக்கியமானதெல்லாம் சிவப்பு மையில். அதில் ஒரு வரி: ‘குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்திடம் எத்தனை கேள்விகள் கேட்டார்? 14.’ அந்த 14ஐச் சுற்றி இரண்டு வட்டம். “எதைப் பத்தின கேள்விம்மா அது?” என்றேன். “ஆளுநர் பத்தி சார்” என்றார். ஆளுநரைப் பற்றி என்ன என்றால் தெரியவில்லை. அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது, அவருக்குக் கிடைத்த பக்கத்தில் அந்த எண் மட்டும்தானே இருந்தது?

அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியும், உங்கள் முதல் பக்கத்திலேயே நாள்கணக்கில் ஓடிய செய்திதானே. சட்டப்பேரவையில் நிறைவேறிய மசோதா தன்னிடம் வந்தால் ஆளுநர் என்ன செய்யலாம் என்பதைச் சொல்வது அரசமைப்புச் சட்டத்தின் 200வது பிரிவு. ஒப்புதல் தரலாம், நிறுத்தி வைக்கலாம், மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம், குடியரசுத் தலைவருக்கு அனுப்பலாம். தமிழ்நாட்டில் நடந்தது என்ன? பெரும்பாலும் பல்கலைக்கழகங்களையும் துணைவேந்தர் நியமனத்தையும் சேர்ந்த 10 மசோதாக்களுக்கு 2023 நவம்பர் 13 அன்று ஆளுநர் ஒப்புதல் தராமல் திருப்பினார். நவம்பர் 18 அன்று பேரவையின் சிறப்புக் கூட்டத்தைக் கூட்டி அதே மசோதாக்களை மறுபடியும் நிறைவேற்றி அனுப்பினார்கள். நவம்பர் 28 அன்று அவர் அவற்றைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். இரண்டாவது முறை நிறைவேறி வந்ததை அப்படி அனுப்ப முடியுமா என்பதுதான் வழக்கின் மையம். முடியாது என்று 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு தீர்ப்பளித்தது. 142வது பிரிவின் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி அந்த 10 மசோதாக்களும் ஒப்புதல் பெற்றவையாகவே கருதப்படும் என்றும் சொன்னது, ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் காலக்கெடுவும் வைத்தது. அதன் பிறகுதான், மே மாதம், 143வது பிரிவின்கீழ் குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டு அந்த 14 கேள்விகளை அனுப்பினார்.

அப்புறம் நவம்பர் 20 அன்று, அப்போதைய தலைமை நீதிபதி பி.ஆர். கவாய் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு தன் கருத்தைச் சொன்னது. நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கருதிக்கொள்ளும் முறையும் அரசமைப்பில் இல்லை, ஆனால் காரணமே சொல்லாமல் நீண்ட காலம் கிடப்பில் போட்டால் நீதிமன்றம் ஓர் அளவுக்குத் தலையிட்டு முடிவெடுக்கச் சொல்லலாம் என்பது அதன் சாரம். பேரவைக்குத் திருப்பி அனுப்பாமல் வெறுமனே ஒப்புதலை நிறுத்தி வைக்கும் வழி ஆளுநருக்கு இல்லை என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறார்கள். மேலே நான் எழுதிய நான்கு வழிகளில் இரண்டு சேர்ந்து ஒன்றாகிவிட்டன, பாருங்கள். பழைய பாடநூலை மட்டும் படித்தவருக்கு இது தெரியாது.

இதை எழுத எனக்கு இரண்டு பத்திதான் ஆனது. இந்த இரண்டு பத்தியைப் படித்த பிள்ளைக்கு 200, 142, 143 மூன்று பிரிவுகளும் சம்பவத்தோடு மனதில் நிற்கும். பிரிலிம்ஸ் என்கிற முதல்நிலைத் தேர்வில் கூற்றுகளைக் கொடுத்து எது சரி என்று கேட்டாலும் சமாளிப்பார், மெயின்ஸ் என்கிற முதன்மைத் தேர்வில் ஆளுநர் பதவி பற்றியோ மத்திய மாநில உறவு பற்றியோ கட்டுரை கேட்டாலும் எழுதுவார், நேர்முகத் தேர்வில் ‘உங்கள் கருத்து என்ன’ என்று கேட்டாலும் சொல்ல அவரிடம் ஏதாவது இருக்கும். 14 என்ற எண்ணைத் தெரிந்து வைத்தவர் அந்த எண்ணைக் கேட்டால் மட்டும்தான் தப்பிப்பார்.

இதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. ஏப்ரல் மாதத் தொகுப்பில் ‘ஆளுநருக்குக் காலக்கெடு விதித்து உச்ச நீதிமன்றம் தீர்ப்பு’ என்று அச்சானது அப்படியே நிற்கிறது. நவம்பரில் நிலைமை மாறியதை யாரும் திரும்பிப் போய் அங்கே எழுதுவதில்லை. புத்தகத்தை வாங்கி மனப்பாடம் செய்கிறவர் பழையதையே சரி என்று நம்பி ஓஎம்ஆர் தாளில் வட்டமிட்டு வருவார். தயவுசெய்து மாதத்துக்கு ஒருமுறை ‘முன்பு சொன்னதில் இப்போது மாறியவை’ என்று ஒரு சின்னக் கட்டம் போடுங்கள். மற்ற எதையும் செய்யாவிட்டாலும் இதையாவது செய்யுங்கள், அவ்வளவு அவசியம் இது.

தேர்வு நடத்துகிறவர்களும் கேள்வியை மாற்றிவிட்டார்கள். யுபிஎஸ்சி பிரிலிம்ஸ் பொது அறிவுத் தாளில் 100 கேள்வி, 200 மதிப்பெண், தவறான விடைக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். 2023 தாளில் ‘மேற்கண்டவற்றில் எத்தனை கூற்றுகள் சரி’ என்ற வகைக் கேள்வி குவியலாக வந்தது. ஒன்று மட்டும், இரண்டு மட்டும், மூன்றும், எதுவுமில்லை என்றுதான் விடைகள் இருக்கும். ஒரு கூற்று தெரிந்தால் மற்ற விடைகளைக் கழித்துக் கட்டலாம் என்ற பழைய வித்தையெல்லாம் அங்கே செல்லாது, மூன்று கூற்றையும் தனித்தனியாகத் தெரிந்திருக்க வேண்டும். டிஎன்பிஎஸ்சியிலும் கூற்று, காரணம் என்று கேட்கும்போது பெயரும் தேதியும் தெரிந்தவர் பாதி வழியில் நின்றுவிடுகிறார், ஏனென்றால் காரணத்தை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

அரசியல் செய்திக்குத்தான் பின்னணி வேண்டும் என்றும் இல்லை. எங்கள் பக்கத்து மாவட்டத்தில் இருக்கும் குலசேகரன்பட்டினத்தை எடுத்துக்கொள்வோம். தசராவுக்குப் பேர்போன ஊர். அங்கே இஸ்ரோவின் புதிய ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். உங்கள் தேர்வுப் பக்கத்தில் ‘இந்தியாவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளம் எங்கே அமைகிறது’ என்ற கேள்வியோடு அது முடிந்துபோனது. ஏன் அங்கே என்று யாராவது எழுதினால் பிள்ளைகள் எவ்வளவு ஆர்வமாகப் படிப்பார்கள் என்பதை நான் நேரிலேயே பார்த்தேன். நூலகச் சுவரில் தொங்கும் வரைபடத்தைக் காட்டி, ஆந்திரத்தின் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து, பூமியின் இரு துருவங்களுக்கு மேலாகச் சுற்றுகிற துருவச் சுற்றுப்பாதைக்காகத் தெற்கே ராக்கெட்டை விட்டால் வழியில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். ஒரு பையன் எழுந்து போய் விரலை வைத்துக் கீழே இழுத்துக்கொண்டே வந்தான், இலங்கையில் போய் நின்றது. மனிதர்கள் வாழும் நிலத்தின் மேல் பறக்கக் கூடாது என்பதால் ராக்கெட் வளைந்து போக வேண்டும், வளைந்தால் எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். பெரிய ராக்கெட் அதைத் தாங்கிக்கொள்ளும். ஏறக்குறைய 500 கிலோ எடையைத் தூக்குகிற எஸ்எஸ்எல்வி மாதிரி சிறிய ராக்கெட்டுக்கு அது பெரிய இழப்பு. குலசேகரன்பட்டினத்திலிருந்து தெற்கே நேராகக் கடல்தான், இலங்கை கிழக்கே ஒதுங்கிவிடுகிறது. புவியியல், அறிவியல், தமிழ்நாடு மூன்றும் ஒரே செய்தியில் வந்துவிட்டன. இதை இனி அவர்கள் மறக்கவே மாட்டார்கள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் செய்தியும் இப்படித்தான். எந்த நாளின் நிலவரப்படி கணக்கு என்று கேட்டால் 2027 மார்ச் 1 என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதோடு, மக்கள்தொகைக்கு ஏற்பத் தொகுதிகளைத் திரும்பப் பிரிக்கிற தொகுதி மறுவரையறை எப்படி ஒட்டுகிறது, 1976ல் 42வது திருத்தம் மக்களவை இடப்பங்கீட்டை 1971 கணக்கெடுப்போடு ஏன் நிறுத்தியது, 84வது திருத்தம் அதை 2026க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை ஏன் தள்ளியது, பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் தரும் 2023ன் 106வது திருத்தம் ஏன் கணக்கெடுப்பையும் மறுவரையறையையும் நிபந்தனையாக வைத்து எழுதப்பட்டது, இதையெல்லாம் ஒரே இடத்தில் தமிழில் படிக்க வழியில்லை. தமிழ்நாட்டுக்கு 1962 தேர்தலில் 41 மக்களவைத் தொகுதிகள் இருந்தன, 1967ல் 39 ஆகக் குறைந்தன என்று நான் சொன்னபோது ஆச்சரியப்படாதவர் யாருமில்லை.

ஆங்கிலத்தில் இதெல்லாம் கிடைக்கிறது, ஏராளமாகவே கிடைக்கிறது. மாத இதழ், இணையதளம், ஆங்கில நாளிதழ்களின் விளக்கப் பக்கங்கள் என்று எத்தனையோ உண்டு. தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு என்ன இருக்கிறது? யுபிஎஸ்சி மெயின்ஸில் தமிழில் விடை எழுதலாம், ஆனால் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் அச்சாகும், படிப்பதற்கான நடப்பு நிகழ்வு நூல்களும் ஆங்கிலத்தில்தான். நான் முதல்வன் திட்டத்தில் பிரிலிம்ஸுக்குப் படிக்கிற 1,000 பேருக்கு மாதம் 7,500 ரூபாய் வீதம் பத்து மாதம் உதவித்தொகை தருகிறார்கள், பிரிலிம்ஸ் தேறினால் 25,000 ரூபாய். நல்ல திட்டம், மனதாரப் பாராட்டுகிறேன். அந்த ஆயிரத்தில் வராதவர்களுக்கும், குரூப் 4, குரூப் 2 என்று வேலையும் படிப்புமாக இழுத்துக்கொண்டிருக்கிறவர்களுக்கும் நூலகமும் தமிழ் நாளிதழும்தான் கதி. உங்களால் முடியும் என்பதால்தான் உங்களிடம் கேட்கிறேன். இந்தச் செய்திகளைச் சேகரித்து எழுதிய நிருபர்கள் உங்களிடமே இருக்கிறார்களே!

தகவல் கிடைப்பதும் கஷ்டமில்லை. மத்திய அரசின் பத்திரிகை தகவல் அலுவலகம் தமிழிலும் குறிப்புகள் வெளியிடுகிறது. பேரவையில் மானியக் கோரிக்கையின்போது ஒவ்வொரு துறையும் வைக்கிற கொள்கை விளக்கக் குறிப்பு தமிழிலேயே, இலவசமாகவே இணையத்தில் கிடைக்கிறது. தமிழ்நாட்டின் திட்டங்களைப் பற்றி அதைவிட நம்பகமான ஒன்று இல்லை, குரூப் 1, குரூப் 2 மெயின்ஸ் எழுதுகிறவர்களுக்கு அது பொக்கிஷம். ஆனால் நூறு பக்கத்துக்கு மேல் போகும் குறிப்பைப் போன் திரையில் யார் படிப்பார்கள்? துறைக்கு அரைப் பக்கம் என்று சுருக்கிக் கொடுத்தால் போதும்.

விருதும் விளையாட்டும் நியமனமும் வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. டிஎன்பிஎஸ்சியில் அவையும் வரும், ஓர் ஓரத்தில் பட்டியலாகப் போட்டுவிடுங்கள். மீதி இடத்தைப் பின்னணிக்குக் கொடுங்கள். கூடவே அந்தச் செய்தி பாடத்திட்டத்தில் எந்த அலகில் வருகிறது என்று ஒரு வரி, பள்ளிப் பாடநூலில் எந்த வகுப்பு என்று ஒரு வரி சேர்த்தால் பிள்ளைகள் தாங்களாகவே போய் அந்தப் பாடத்தைத் திறந்து பார்த்துக்கொள்வார்கள்.

முதலில் ஒரு மாதம் சோதனையாகச் செய்து பாருங்கள். எந்தச் செய்திகள் புரியவில்லை என்று எங்கள் நூலகத்துப் பிள்ளைகளிடம் கேட்டு, மாதாமாதம் பட்டியலாக எழுதி உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பி வைக்கிறேன். முதல் பட்டியல் இந்தக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன், மத்திய அரசின் வரியில் மாநிலங்களுக்கு எவ்வளவு என்று பரிந்துரைக்கிற நிதிக்குழுவின் வரிப் பகிர்வு அதில் முதலாவதாக இருக்கிறது.

இப்படிக்கு,
நூலக வாசகர் ஒருவர்,
சங்கரன்கோவில்.