பூட்டை அங்கேயே திறந்துவிட்டு வா

அன்புள்ள ராஜேந்திரா,

உன் கடிதம் கிடைத்தது. பொங்கலுக்குக் குடும்பத்தோடு தஞ்சாவூர் வருவதில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே அனைவரும் நலம். வயலெல்லாம் சம்பா பச்சை கட்டி நிற்கிறது. கடைசி மழை கெடுக்காமல் இருந்தால் சரி.

இனி, அமெரிக்காவிலிருந்து கொண்டுவரும் இரண்டு போன்களைப் பற்றி நீ கேட்ட விஷயம். ஏடி அண்ட் டி நிறுவனத்தில் தவணைக்கு எடுத்த ஐபோன் 14 அக்காவுக்கு, டி-மொபைல் நிறுவனத்தில் உன் மகன் வைத்திருந்த சாம்சங் எஸ்22 அக்கா பையனுக்கு. "ஊரில் எந்தக் கடையில் கொடுத்தாலும் லாக்கை எடுத்துவிடுவார்கள் அல்லவா?" என்று எழுதியிருக்கிறாய். இந்த லாக், விற்ற நிறுவனத்தின் சிம்மை மட்டுமே ஏற்கும்படி போனுக்குப் போட்ட பூட்டு. கடையில் அதை எடுக்க மாட்டார்கள் என்றே வைத்துக்கொள். சாவி போனுக்குள் இல்லை. ஐபோனை முதலில் தயார் செய்யும்போது அது ஆப்பிளின் சர்வரிடம் தனக்கே உரிய அடையாள எண்ணான ஐஎம்இஐயைச் சொல்லி, எந்தெந்த நிறுவனத்தின் சிம்மை ஏற்கலாம் என்று கேட்டுக்கொள்கிறது. ஏடி அண்ட் டி "விடுவிக்கலாம்" என்று சொன்னால்தான் அந்தப் பதில் மாறும். ஆப்பிள் தானாக மாற்றாது. கடைக்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அந்தச் சர்வர் அவர் சொல் கேட்காது. எனவே உன் கணக்கு நடப்பில் இருக்கும்போதே, அங்கிருந்தே முடித்துவிடு.

முதலில் பூட்டு இருக்கிறதா என்று பார். செட்டிங்ஸ், ஜெனரல், அபௌட் போய்க் கீழே இறங்கினால் 'கேரியர் லாக்' என்று ஒரு வரி வரும். 'நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' என்று இருந்தால் வேலையே இல்லை. 'சிம் லாக்டு' என்று இருந்தால் மேலே படி.

ஏடி அண்ட் டியின் நிபந்தனைகள் கடினமானவை அல்ல. தவணை முழுக்கக் கட்டியிருக்க வேண்டும், அந்தப் போன் அவர்கள் நெட்வொர்க்கில் குறைந்தது 60 நாள் ஓடியிருக்க வேண்டும், திருட்டுப் புகார் எதுவும் இருக்கக் கூடாது. ப்ரீபெய்டு என்றால் 6 மாதம். தவணை பாக்கி இருந்தால் மொத்தமாகக் கட்டுவதற்கு முன் ஒன்று விசாரித்துக்கொள்: பழைய போனைக் கொடுத்துப் புதுசு வாங்கியிருந்தால், சலுகைத் தொகை மாதாமாதம் பில்லில் கழிந்துகொண்டிருக்கும். முன்கூட்டியே கட்டினால் அது நின்றுபோக வாய்ப்புண்டு. கணக்குப் பார்த்தால் அக்காவுக்கு இங்கேயே ஒரு போன் வாங்கித் தருவது மலிவாகக்கூட முடியலாம்.

*#06# அழுத்தினால் ஐஎம்இஐ வரும், 15 இலக்கம். உன் போனில் இரண்டு காட்டும். முதலாவதைக் கொடு. அதன் கூடவே இஐடி என்று 32 இலக்க எண் ஒன்றும் இருக்கும். அதையும் படம் எடுத்து வைத்துக்கொள், பிறகு தேவைப்படும். ஏடி அண்ட் டி தளத்தில் அன்லாக் விண்ணப்பம் போட்டால் உறுதிசெய்யச் சொல்லி ஒரு மெயில் வரும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். அதில் உள்ள இணைப்பை 24 மணி நேரத்துக்குள் தட்டாவிட்டால் விண்ணப்பம் காலாவதி. ஸ்பாம் பெட்டியையும் பார். பதில் வர இரண்டு வேலை நாள் ஆகலாம். ஒப்புதல் வந்த பிறகும் 'சிம் லாக்டு' என்றே காட்டினால் பதறாதே. போன் இன்னும் சர்வரிடம் மறுபடி கேட்கவில்லை, அவ்வளவுதான். வைஃபையில் போட்டு, பேக்கப் எடுத்துவிட்டு, முழுவதும் அழித்துப் புதிதாகத் தயார் செய். அந்தச் சமயத்தில் புதுப் பதிலை வாங்கிக்கொள்ளும். அந்த வரி மாறியதைக் கண்ணால் பார்க்கும் வரை லைனை ரத்து செய்யாதே.

சாம்சங்குக்கு வழி வேறு. டி-மொபைலில் தவணை முடிந்து, 40 நாள் பயன்பாடு ஆகியிருந்தால் போனிலேயே செய்யலாம். செட்டிங்ஸில் கனெக்‌ஷன்ஸ், அதில் மோர் கனெக்‌ஷன் செட்டிங்ஸ், கடைசியில் 'நெட்வொர்க் அன்லாக்'. அங்கே 'பெர்மனென்ட்', 'டெம்பரரி' என்று இரண்டு இருக்கும். டெம்பரரியைத் தொட்டுவிடாதே, அது 30 நாள்தான். பிப்ரவரியில் பையன் போன் திடீரென்று சிம்மை ஏற்க மறுக்கும், நீ அங்கே திரும்பிப் போயிருப்பாய். இதைச் செய்யும்போது போனில் இன்டர்நெட் இருந்தாக வேண்டும்.

நம் ஊரில் 'லாக்' என்ற ஒரே சொல்லில் நான்கைந்து விஷயங்களைப் போட்டுக் குழப்புவார்கள். நெட்வொர்க் பூட்டு எடுபட்டாலும் உன் ஆப்பிள் ஐடி உள்ளே இருந்தால் அக்காவால் போனைத் திறக்க முடியாது. தொலைந்த போனைத் தேடித்தரும் 'ஃபைண்ட் மை'யை அணைத்து, ஐடியிலிருந்து வெளியேறிவிட்டு, பிறகு அழித்துக் கொடு. சாம்சங்கிலும் அப்படியே: கூகுள் கணக்கு, சாம்சங் கணக்கு இரண்டையும் முதலில் நீக்கு, அப்புறம் ரீசெட். முறை மாற்றிச் செய்தால் பழைய கடவுச்சொல் கேட்டு நிற்கும், உன் மகன் அதை எப்போதோ மறந்திருப்பான். பிளாக்லிஸ்ட் என்பது இன்னொன்று. திருட்டு, கட்டாத தவணை என்று ஐஎம்இஐயைத் தடைப்பட்டியலில் ஏற்றியிருந்தால், பூட்டைத் திறப்பதால் அது நீங்காது.

ஐபோன் 14-இல் நீ கவனிக்காத ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் விற்ற 14-க்கு சிம் தட்டே கிடையாது, போனுக்குள்ளேயே பதியும் இ-சிம் மட்டும்தான். அக்காவின் ஏர்டெல் சிம்மைக் கொண்டுவந்து எங்கே சொருகுவது என்று வீட்டில் எல்லோரும் போனைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள்! ஏர்டெல்லில் மாற்ற, அக்காவின் எண்ணிலிருந்து eSIM என்பதை அடுத்து இடைவெளி விட்டு, பதிவு செய்த மெயில் முகவரியை எழுதி 121-க்குக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். அந்த மெயில் முகவரி முன்கூட்டியே பதிவாகியிருக்க வேண்டும், அக்காவுக்கு அது இருக்குமா என்பதே சந்தேகம். இப்போதே பதியச் சொல். ஜியோ என்றால் இஐடியையும் ஐஎம்இஐயையும் கேட்பார்கள். க்யூஆர் படம் மெயிலில் வரும். அதை வேறொரு திரையில் வைத்து ஸ்கேன் செய்வதே எளிது, வைஃபையும் வேண்டும். சிம் மாற்றிய 24 மணி நேரத்துக்குக் குறுஞ்செய்தி நிறுத்தப்பட்டிருக்கும், வங்கி ஓடிபி வராது. பொங்கல் சாமான் வாங்கும் நாளில் இதை வைத்துக்கொள்ளாதே.

சாம்சங்கில் வேறு ஒரு சிக்கல் வரலாம். பூட்டு திறந்து, சிக்னல் முழுசாக இருக்கும், வாட்ஸ்அப் ஓடும், ஆனால் போன் பேச முடியாது. ஜியோவில் 2ஜி, 3ஜி கிடையாது, பேச்சும் 4ஜி வழியேதான், வோல்டீ என்ற முறையில், போக வேண்டும். அமெரிக்க நிறுவனத்தின் மென்பொருள் உள்ள சில ஆண்ட்ராய்டு போன்களில் நம் ஊர் நிறுவனங்களுக்கான வோல்டீ அமைப்பு இருப்பதில்லை. அதே போனில் ஏர்டெல் போட்டால் பேசும்போது 2ஜிக்கு இறங்கிச் சமாளிக்கும். அக்கா பையன் ஜியோ வைத்திருந்தால், வந்ததும் ஓர் அழைப்பு போட்டுப் பார்க்கச் சொல். டேட்டா வந்தால் போதும் என்று விட்டுவிட வேண்டாம். ஐபோனில் இந்தத் தொல்லை இல்லை, அது சிம்முக்கு ஏற்ற அமைப்பைத் தானே இறக்கிக்கொள்ளும்.

பையன் யூடியூப் பார்த்துவிட்டு "மாமா, ஒரு சிப் வைத்தால் போதும்" என்பான். நகம் போல மெல்லிய சர்க்யூட் ஒன்றை சிம்மோடு ஒட்டித் தட்டில் வைப்பார்கள். சிம் உரிய நிறுவனத்துடையது என்று போனை நம்பவைப்பது அதன் வேலை. ஐபோனின் மென்பொருளான ஐஓஎஸ்ஸுக்கு அப்டேட் ஒன்று வந்தாலே போதும், மறுபடி 'சிம் லாக்டு'. தட்டே இல்லாத 14-இல் அதற்கும் இடமில்லை. யாரிடமாவது பழைய ஐபோன் வாங்கினால் தட்டை வெளியே இழுத்து இந்தச் சிப் இருக்கிறதா என்று பார்க்கச் சொல். ஐஎம்இஐயையே மாற்றித் தருகிறேன் என்பவர் பக்கம் போகவே கூடாது. 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தில் அதற்கு 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

கனடாவில் 2017 டிசம்பரிலிருந்து, பிரிட்டனில் 2021 டிசம்பரிலிருந்து பூட்டிய போனை நிறுவனங்கள் விற்கவே கூடாது. உங்கள் ஊரில் 2014-இல் சட்டம் போட்டும் பூட்டித்தான் விற்கிறார்கள். டொராண்டோவில் இருக்கும் உன் சித்தப்பா மகன் போன் கொண்டுவந்தால் இவ்வளவு நீளக் கடிதம் தேவைப்படாது.

இரண்டு போனின் மாடல் எண்ணையும், பையன் எந்த சிம் வைத்திருக்கிறான் என்பதையும் எழுது. அந்த சாம்சங் மாடலில் ஜியோவின் 2300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை, அதாவது பேண்ட் 40, இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
சுந்தரம்