பீர்க்கங்கொடியா, பென்னிசெட்டம் புல்லா? ஆடிப்பட்டத்துக்கு முன் ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

மேற்குப் பார்த்த சுவர் வெயிலில் கொதிக்கிறது, அதன் ஓரமாக 2 அடி மண் சும்மா கிடக்கிறது. பீர்க்கு ஏற்றிவிடலாமா, அடுக்குமாடிக் குடியிருப்பு வாசல்களில் வைக்கிறார்களே அந்தச் சிவப்புப் புல்லை, அதாவது பென்னிசெட்டத்தை, வைக்கலாமா? விதை வாங்க வரும் பலரும் கேட்கும் கேள்வி இது. இரண்டையும் நாங்களே விற்கிறோம், எதை வாங்கினாலும் எங்களுக்கு வியாபாரம்தான். ஆனால் பொருந்தாத இடத்தில் வைத்த செடி மூன்றாம் மாதம் புகாராகத் திரும்பி வரும். அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதிவிடுகிறோம்.

சுவருக்கு நிழல் வேண்டுமென்றால் புல் அந்த வேலைக்கு ஆகாது. நன்றாக வளர்ந்த பென்னிசெட்டம் தூர், பூங்கதிரையும் சேர்த்து 3 அல்லது 4 அடிதான் நிற்கும். சுவரின் அடிப்பாகத்தை மறைக்கும், பார்வைக்கு அழகாக இருக்கும், அவ்வளவுதான். பீர்க்கு 10 அடிக்கு மேல் தாராளமாக ஏறி, பந்தலையோ வலையையோ இலையால் மூடிவிடும். ஆனால் அதன் ஆயுள் ஏறக்குறைய 4 மாதம். ஆடியில் ஊன்றிய கொடி கார்த்திகைக்குள் காய்த்து ஓய்ந்துவிடும். சித்திரை வெயிலுக்கு அங்கே காய்ந்த தண்டுதான் மிஞ்சும். காய்க்காக என்றால் ஆடிப்பட்டம் சரி. நிழலுக்காக என்றால் தைப்பட்டத்துக்குக் காத்திருங்கள். தை தொடக்கத்தில் ஊன்றினால் பங்குனியில் வலை நிறைந்துவிடும், வைகாசி வரை தாங்கும். பங்குனியில் போய் விதைக்காதீர்கள். வெயிலும் பகல் நேரமும் கூடும்போது ஆண் பூவாகவே பூத்துத் தள்ளும், காய் அரிதாகிவிடும்.

பீர்க்கு வைப்பதென்று முடிவு செய்தவர்களுக்கு: தரையில் என்றால் ஒன்றரை அடி நீள, அகல, ஆழத்தில் குழி எடுத்து, மேல்மண்ணோடு 10 கிலோ மக்கிய தொழு உரமும் 100 கிராம் வேப்பம்புண்ணாக்கும் கலந்து நிரப்புங்கள். மாடியில் என்றால் 15க்கு 15 அங்குலப் பைக்குக் குறைந்து வேண்டாம். அது 40 லிட்டருக்குச் சற்று மேல் மண் கொள்ளும், நனைந்தால் கனமும் அதிகம். ஆகவே தளத்தின் நடுவில் வைக்காமல், கீழே சுவரோ உத்தரமோ தாங்கும் ஓரமாக வையுங்கள். விதையின் கறுப்பு ஓடு கெட்டி. ஓர் இரவு ஊறவைத்து, ஓர் அங்குல ஆழத்தில், குழிக்கு 5 விதை ஊன்றுங்கள். ஒரு வாரத்தில் முளைத்ததும் தெம்பான 2 நாற்றை விட்டு மற்றதைக் கத்தரித்து எடுங்கள். பிடுங்கினால் பக்கத்து நாற்றின் வேரும் ஆடிவிடும். பைக்கு ஒரு கொடி போதும்.

வலையைச் சுவரோடு ஒட்டிக் கட்டுவதுதான் பெரும்பாலோர் செய்வது. சூடேறிய சிமெண்டில் பட்ட இலை கருகும், பற்றுக்கம்பி சுருளாமல் காய்ந்துபோகும். சுவருக்கும் வலைக்கும் நடுவே ஓர் அடி இடைவெளி வேண்டும். அந்தக் காற்றோட்டம் இருந்தால்தான் சுவரும் குளிரும். கோவைப் பக்கம் ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து நேராக மேற்குச் சுவரில்தான் மோதும். இலை நிறைந்த வலை காற்றை முழுதாக வாங்கிக்கொள்ளும். மூங்கில் குச்சி இதற்குப் போதாது. சவுக்குக் கம்போ இரும்புக் குழாயோ ஒன்றரை அடி மண்ணுக்குள் இறங்க வேண்டும், மேல் முனையைச் சுவர்க் கொக்கியில் ஜிஐ கம்பியால் இழுத்துக் கட்ட வேண்டும்.

கொடி 6 அடி வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். பக்கக் கிளைகளில்தான் பெண் பூ அதிகம் வரும். முதல் ஓரிரு வாரம் கொத்துக் கொத்தாக ஆண் பூ மட்டும் வந்து உதிரும், அது நோயல்ல. பெண் பூ தனியாக வரும், பூவுக்குப் பின்னால் வரி வரியாகக் குட்டிக் காய் தெரியும். இந்தக் குட்டிக் காய் மஞ்சளாகி விழுவதுதான் எங்களிடம் அதிகம் வரும் புகார். உரம் போதவில்லை என்று மேலும் மேலும் போடுகிறார்கள். பல வீடுகளில் காரணம் வேறு. பீர்க்கம்பூ மாலையில் விரிந்து மறுநாள் காலை வாடிவிடும். பகலில் வரும் தேனீக்கு அது கிடைப்பதில்லை, மூன்றாவது நான்காவது மாடிக்கு அந்தி வண்டும் விட்டிலும் அதிகம் வருவதில்லை. ஆகவே சாயங்காலம் 6 மணிக்கு மேல், விரிந்த ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழை நீக்கி, அதன் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவிலுள்ள சூல்முடியில் மெதுவாகத் தடவுங்கள். ஓர் ஆண் பூ இரண்டு மூன்று பெண் பூவுக்குக் காணும். காலையில் செய்தால் பெரும்பாலும் வீண். வயலில் பெண் பூவைக் கூட்ட எத்ரல் என்ற பயிர் வளர்ச்சி ஊக்கியைத் தெளிப்பார்கள், நாலு கொடி வைத்திருக்கும் வீட்டுக்கு அது வேண்டாத வேலை.

அடுத்த தொல்லை பழ ஈ. காய் ஓரிடத்தில் வளைந்து, அங்கே பிசின்போல ஒரு துளி உறைந்திருந்தால், அறுத்துப் பாருங்கள், உள்ளே வெள்ளைப் புழு நெளியும். மாமரத்துக்கு வாங்கிய இனக்கவர்ச்சிப் பொறியை இதற்கும் தொங்கவிட்டுப் பலன் இல்லை என்கிறார்கள். பலன் இருக்காதுதான். மாவுக்கு வைப்பது மெத்தில் யூஜினால் என்ற கவர்ச்சிப் பொருள், பீர்க்கு போன்ற வெள்ளரிக் குடும்பத்துக் காய்களைத் தாக்கும் ஈ அதற்கு வராது. இந்த ஈயை இழுக்கும் கியூலூர் வில்லை உள்ள பொறியாகக் கேட்டு வாங்குங்கள். அதிலும் ஆண் ஈ மட்டுமே சிக்கும், முட்டையிடுவது பெண். அதனால் காய் பிடித்த இரண்டாம் நாளே கொசுவலைத் துணிப் பையையோ செய்தித்தாள் உறையையோ மாட்டிவிடுவது பொறியைவிட உறுதி. புழு விழுந்த காயை உரக்குழியில் போடாதீர்கள். அது மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகி மறுபடி ஈயாகப் பறக்கும். பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி வெயிலில் போடுங்கள்.

முளைத்த வாரத்தில் ஆரஞ்சு நிற வண்டு வித்திலையைச் சல்லடையாக்கும். விடியற்காலையில் அது மந்தமாக இருக்கும், கையாலேயே பொறுக்கிவிடலாம். இலையில் வெள்ளைப் பொடியாகப் படியும் சாம்பல் நோய்க்கென்று கந்தகத் தூளைக் கொடியில் தூவ வேண்டாம். இந்தக் குடும்பத்து இலைகள் கந்தகத் தூளிலும் தாமிரத் தூளிலும் கருகும்.

பூத்து ஒரு வாரத்தில் காயைப் பறிக்கலாம். வரியில் நகம் இறங்கினால் பிஞ்சு, இறங்காவிட்டால் நார். சமைக்குமுன் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் அந்தக் காயைக் கொட்டிவிடுங்கள், புளி சேர்த்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். கசப்புக்குக் காரணமான குக்கர்பிட்டசின் வாந்தி, வயிற்றுப்போக்கு வரை கொண்டுபோய்விடும். பேய்ப்பீர்க்குடன் மகரந்தம் கலந்த கொடியின் விதை கை மாறி வந்தால் இப்படி நேரும்.

இனி புல். சிவப்பு பென்னிசெட்டம் நம் கம்புக்கு நெருங்கிய உறவு, கதிரைப் பார்த்தாலே தெரியும். இந்த உறவு ஆட்டுக்கும் மாட்டுக்கும்கூடத் தெரியும் என்பதால், வேலியில்லாத சாலையோரத்தில் இதை வைக்கச் சொல்ல எங்களுக்கு மனம் வருவதில்லை. நாள் முழுக்க வெயில் விழும் இடம்தான் இதற்கு ஏற்றது. நிழலில் வைத்தால் சிவப்பு வெளிறிப் பச்சையாகிவிடும், தூரும் சரிந்து படுக்கும். இடைவெளி 2 முதல் 3 அடி. நட்ட முதல் இரண்டு மாதம் மண் காயாமல் பார்த்துக்கொண்டால், பிறகு தரையில் வாரம் இருமுறை தண்ணீர் போதும். தொட்டியென்றால் 14 அங்குலம், அடியில் ஓட்டை அவசியம். இது சாவது பெரும்பாலும் தண்ணீர் தேங்கித்தான், வறட்சியில் அல்ல. யூரியா போடாதீர்கள், இலை நீண்டு மழையில் படுத்துக்கொள்ளும். வருடத்துக்கு ஒருமுறை ஒரு கூடை தொழு உரம் தாராளம்.

வருடம் ஒருமுறை, மழை ஓய்ந்த தை மாதத்தில், தூரைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, தரையிலிருந்து 6 அங்குலம் விட்டு ஒரே மட்டமாக அறுத்துவிடுங்கள். கட்டாமல் அறுத்தால் முற்றம் முழுக்க வைக்கோலாகும். விடாத மழையில் அறுத்தால் தட்டைக்குள் நீர் இறங்கி அழுகும். இரண்டு மூன்று வருடத்தில் தூரின் நடு காய்ந்து வளையமாகத் தெரியும். அப்போது தோண்டி, ஓரத்துத் துண்டுகளை வேரோடு பிரித்து நட்டால் புதுச் செடி. எங்களிடம் இருப்பதும் இப்படித் தூர் பிரித்த செடிகளே.

சிவப்புப் புல் விதை என்று பொட்டலம் விற்றால் யோசியுங்கள். தோட்டங்களில் வைக்கும் இந்தச் சிவப்பு ரகம் பெரும்பாலும் முளைக்கும் விதை பிடிப்பதில்லை. விதையில் வருவது அநேகமாகப் பச்சை ரகம். அதன் விதை காற்றில் பறந்து கண்ட இடத்தில் முளைக்கும். ஹவாய் தீவுகளிலும் அமெரிக்காவின் அரிசோனாவிலும் அது களையாகப் பரவி, காட்டுத்தீக்கு எரிபொருளாகிவிட்டது. பச்சை ரகத்தை நாங்கள் வாங்கி வைப்பதில்லை.

இரண்டும் வேண்டும், இடம் ஒன்றுதான் என்பவர்களுக்கு: ஒரே குழியில் வேண்டாம். பீர்க்கு பூக்கும் நாட்களில் தினமும் தண்ணீர் கேட்கும், கோடையில் மாடிப் பையிலிருந்தால் காலையும் மாலையும் கேட்கும். அந்த ஈரம் புல்லை அழுகவைக்கும், புல்லின் அடர்ந்த வேர் கொடியின் உரத்தை உறிஞ்சிவிடும். சுவரோரம் கொடிக்கு விட்டு, 3 அடி தள்ளிப் புல்லை வரிசையாக நடுங்கள், தண்ணீர்க் குழாயைத் தனித்தனியே விடுங்கள். கொடி ஓய்ந்த மாதங்களில் வெறும் வலையின் அலங்கோலத்தைப் புல் ஓரளவு மறைக்கும். மாலையில் வீட்டில் யாரும் இருப்பதில்லை, தண்ணீர் ஊற்றவும் ஆள் இல்லை என்றால் எங்கள் யோசனை புல் மட்டும்தான்.

கடைக்கு வரும்போது சுவரின் நீள உயரம், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை வெயில் விழுகிறது, மழைநீர் தேங்குமா என்ற மூன்றையும் குறித்துக்கொண்டு, முடிந்தால் மாலை 4 மணிக்கு எடுத்த ஒரு புகைப்படத்தோடு வாருங்கள். பீர்க்கு நாற்றாகக் கேட்காதீர்கள், வேர் அசைந்தால் அது தேறுவது கடினம் என்பதால் விதையாகவே தருகிறோம்.

இப்படிக்கு,
நாற்றுப்பண்ணையினர்
கோயம்புத்தூர்